குடல் அழற்சி மருந்தும் புற்றுநோய் பயமும்: எதைக் கணக்குப் போடுவது, எதைக் கண்காணிப்பது

கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைடிஸ் போன்ற நீண்டகாலக் குடல் அழற்சிக்கு டாக்டர் அசாதியோபிரின் மாத்திரையை எழுதிக் கொடுத்த அன்று இரவே பலரும் அந்தப் பெயரை இணையத்தில் தேடுகிறார்கள். மூன்றாவது வரியிலேயே 'லிம்ஃபோமா' (நிணநீர்ப் புற்றுநோய்) என்ற சொல் வந்து நிற்கும். மறுநாளிலிருந்து மாத்திரை பாதியாகும், அல்லது அலமாரிக்குள் போய்விடும். மாதக்கணக்கில் அடங்கியிருந்த ரத்தப்போக்கு திரும்பி வரும்போது மறுபடி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு.

இதற்கு நேரெதிரான இன்னொரு பழக்கமும் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதாமாதம் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டே இருப்பது. ரத்தப் பரிசோதனை கிடையாது. 'இன்னும் இது வேண்டுமா' என்று கேட்க ஆளும் கிடையாது.

இரண்டிலும் ஆபத்து இருக்கிறது. இந்த மருந்துகளால் வரும் புற்றுநோய் அபாயம் உண்மையானது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. மருந்து, வயது, ஆணா பெண்ணா, எத்தனை வருடம், எதனோடு சேர்த்து என்பதைப் பொறுத்துப் பத்து மடங்குக்கு மேல்கூட மாறும். உங்கள் கணக்கை நீங்கள் போடத் தெரிந்துகொண்டால் டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

முதலில் மருந்தைப் பிரித்துப் பாருங்கள்

குடல் அழற்சிக்குக் கொடுக்கும் எல்லா மருந்தும் எதிர்ப்பு சக்தியை அடக்குவதில்லை. மெசலமைன், சல்ஃபாசலசைன் இரண்டும் குடலின் உட்சுவரில் வேலை செய்பவை. இவற்றை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பேசும் மருந்து அபாயம் பொருந்தாது. கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

அசாதியோபிரினும் மெர்காப்டோபியூரினும் தயோபியூரின் குடும்பம். உடலுக்குள் போனதும் அசாதியோபிரின் மெர்காப்டோபியூரினாகவே மாறுகிறது. எனவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் வாந்தி குறையலாம், புற்றுநோய்க் கணக்கு மாறாது. லிம்ஃபோமாவுக்கும் தோல் புற்றுநோய்க்கும் மிகத் தெளிவான ஆதாரம் இருப்பது இந்தக் குடும்பத்துக்குத்தான்.

இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம்) எதிர்ப்பு ஊசிகள் அடுத்த வகை. லிம்ஃபோமா அபாயம் கொஞ்சம் உண்டு. தயோபியூரினோடு சேரும்போதுதான் அது பெரிதாகிறது.

டோஃபாசிட்டினிப் மாத்திரை மூன்றாவது வகை. ஜெனெரிக்காகக் குறைந்த விலையில் கிடைப்பதால் இந்தியாவில் பலர் இதில் இருக்கிறார்கள். 50 வயதைக் கடந்த, இதயநோய்க்கான காரணிகளில் ஒன்றாவது கொண்ட மூட்டுவாத நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. இந்த மாத்திரையை எடுத்தவர்களில் 4.2 சதவீதம் பேருக்கும், டிஎன்எஃப் ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதம் பேருக்கும் ஆய்வுக் காலத்தில் புற்றுநோய் வந்தது. புகைபிடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. 25 வயதில், புகைப்பழக்கமே இல்லாத ஒருவருக்கு இந்த எண்ணை அப்படியே தூக்கிப் பொருத்தக்கூடாது. ஆனால் 60 வயதில், முப்பது வருடம் பீடி குடித்தவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். அவருக்கு வேறு மருந்து இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

வேடோலிசுமாப் குடலை மட்டும் குறிவைக்கிறது. அதிலும் யுஸ்டெகினுமாபிலும் இதுவரை புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. வயதானவர்களுக்கும், ஏற்கெனவே புற்றுநோய் வந்து தேறியவர்களுக்கும் டாக்டர்கள் இவற்றை முதலில் நினைப்பது அதனால்தான். விலைதான் தடை. மெதோட்ரெக்சேட் குடல் நோயில் லிம்ஃபோமாவைத் தெளிவாகக் கூட்டியதாகக் காட்டப்படவில்லை.

ஸ்டீராய்டை 'பழகிய மருந்து' என்று பாதுகாப்பாக நினைப்பவர்கள் பலர். எலும்பு தேய்வது, சர்க்கரை ஏறுவது, கண்புரை, தீவிரத் தொற்று என்று அதன் கணக்கு தனி. புற்றுநோய்க்குப் பயந்து அசாதியோபிரினை விட்டு மாதக்கணக்கில் ஸ்டீராய்டில் இருப்பது நஷ்ட வியாபாரம்.

'ஆறு மடங்கு' என்றால் எத்தனை பேர்?

மடங்குக் கணக்கு எப்போதும் பயமுறுத்தும். எதன் ஆறு மடங்கு என்று கேட்க வேண்டும்.

பிரான்சின் தேசிய மருத்துவக் காப்பீட்டுப் பதிவேட்டிலிருந்து குடல் அழற்சி நோயாளிகள் 1,89,289 பேரை ஆராய்ந்த முடிவு 2017-இல் வெளிவந்தது. அதை நம் ஊர்க் கணக்காக மாற்றிப் பார்ப்போம். பத்தாயிரம் பேர் இருக்கும் ஒரு சிற்றூர். எல்லோருக்கும் குடல் அழற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் இந்த மருந்துகளை எடுக்காவிட்டால் ஒரு வருடத்தில் 2 அல்லது 3 பேருக்கு லிம்ஃபோமா வரும். எல்லோரும் டிஎன்எஃப் ஊசி மட்டும் போட்டால் 4 பேர். எல்லோரும் தயோபியூரின் மட்டும் எடுத்தால் 5 பேர். இரண்டையும் சேர்த்து எடுத்தால் 9 அல்லது 10 பேர். வயது முதலியவற்றைச் சரிக்கட்டிய பிறகு இரண்டும் சேர்ந்த நிலைக்கு 6.11 மடங்கு என்று வந்ததே அந்த 'ஆறு மடங்கு'. இரண்டையும் சேர்த்து எடுத்தாலும், அந்த ஊரில் 9,990 பேருக்கு அந்த வருடம் லிம்ஃபோமா வரவில்லை.

இது சராசரி. வயதைப் பிரித்துப் பார்த்தால் படம் மாறிவிடும். பிரான்சிலேயே 19,486 பேரைத் தொடர்ந்து கவனித்த செசாம் ஆய்வு 2009-இல் வெளியானது. தயோபியூரின் எடுத்தவர்களில் 50 வயதுக்குக் கீழே பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய 4 பேர்; 50 முதல் 65 வரை 26 பேர்; 65-க்கு மேல் 54 பேர். எல்லாம் ஒரு வருடத்துக்கு. அதனால் '30 வயது அண்ணனுக்கு இந்த மாத்திரை ஒன்றும் செய்யவில்லை, 68 வயது அப்பாவுக்கும் ஒத்துக்கொள்ளும்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. இருவரும் வேறு வேறு கணக்கில் இருக்கிறார்கள்.

அந்த ஆய்வு தந்த நல்ல செய்தி ஒன்றும் உண்டு: மருந்தை நிறுத்தியவர்களின் லிம்ஃபோமா அளவு, ஒருபோதும் எடுக்காதவர்களின் அளவுக்கே இறங்கியிருந்தது. தோல் புற்றுநோய்க்கு அப்படி இல்லை. அதைக் கீழே பார்ப்போம்.

இவை பிரான்சின் எண்கள். நம் ஊரில் அதே எண் வரும் என்று யாரும் உறுதி சொல்லக்கூடாது. ஆனால் எது கூட்டும், எது குறைக்கும் என்ற திசை மாறாது.

இளைஞர்களுக்கு இரண்டு தனி எச்சரிக்கைகள்

எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸ், சுருக்கமாக ஈபிவி, பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேரின் உடலில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். பெரும்பாலும் சிறுவயதுக் காய்ச்சலாக வந்து போயிருக்கும். அது குடியிருக்கும் பி அணுக்கள் கட்டுமீறிப் பெருகாமல் டி அணுக்கள் காவல் காக்கின்றன; இரண்டும் வெள்ளணு வகைகள். தயோபியூரின் அந்தக் காவலைத் தளர்த்துகிறது. இந்த மருந்தோடு தொடர்புள்ள லிம்ஃபோமாக்களில் பலவற்றில் ஈபிவி இருப்பதற்குக் காரணம் இதுதான். அதைவிட மோசம், ஈபிவி ஒருபோதும் வராத ஓர் இளைஞருக்கு, மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது முதல்முறையாகத் தொற்றுவது. அபூர்வம்தான், ஆனால் உயிரைப் பறித்திருக்கிறது.

எனவே 25 வயதுக்குள் இருப்பவர், குறிப்பாக ஆண், தயோபியூரின் தொடங்கும் முன் 'ஈபிவி விசிஏ ஐஜிஜி' என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். பாசிட்டிவ் என்றால் நல்லது. பழைய தொற்று, காவல் ஏற்கெனவே பழகியிருக்கிறது. நெகட்டிவ் என்றால் வேறு மருந்தில் தொடங்க முடியுமா என்று பேசுங்கள். இந்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்து வீட்டில் பதறிப்போவது அடிக்கடி நடக்கிறது. முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, கல்லீரலையும் மண்ணீரலையும் பிடிக்கும் ஒருவகை டி அணு லிம்ஃபோமா. மிக மிக அரிது, ஆனால் சிகிச்சைக்கு அடங்குவது கடினம். 2011-இல் வெளியான தொகுப்பில் குடல் அழற்சி நோயாளிகளில் 36 பேரைத்தான் உலகெங்கும் திரட்ட முடிந்தது: 20 பேர் இன்ஃப்ளிக்சிமாபும் தயோபியூரினும் சேர்த்து எடுத்தவர்கள், 16 பேர் தயோபியூரின் மட்டும். பெரும்பாலானவர்கள் 35 வயதுக்குட்பட்ட ஆண்கள். இரண்டு வருடத்துக்கு மேல் மருந்தில் இருந்தவர்கள். இதில் கழுத்தில் நெறி (நிணநீர்க் கணு வீக்கம்) கட்டாது. விடாத காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே கனம், தட்டணு (பிளேட்லெட்) இறக்கம் என்று வரும். நம் ஊரில் தட்டணு இறங்கினால் முதலில் டெங்கு என்பார்கள், சரிதான். டெங்குவில் ஒரு வாரம், பத்து நாளில் தட்டணு ஏறிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஏறாமல், மண்ணீரலும் வீங்கியிருந்தால், 'நான் அசாதியோபிரின் எடுக்கிறேன்' என்று சொல்லி ரத்தவியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

இவை எல்லாவற்றையும் மாத்திரையின் முதல் நாளுக்கு முன்பே முடிப்பது நல்லது. பிறகு செய்யலாம் என்று விட்டது பெரும்பாலும் நடப்பதில்லை.

ஈபிவி பற்றிச் சொல்லிவிட்டோம். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி பார்க்க வேண்டும். டிபிக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும், மாண்டூ அல்லது இக்ரா பரிசோதனையும்; டிஎன்எஃப் ஊசிக்கும் டோஃபாசிட்டினிப்புக்கும் இது கட்டாயம்.

தயோபியூரின் என்றால் 'நட்15' மரபணுப் பரிசோதனையைக் கேளுங்கள். இது புற்றுநோய்க்கானதல்ல, வெள்ளணு திடீரென்று விழுவதைத் தடுப்பதற்கு. இந்தியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் இந்த மரபணு மாற்றம் உண்டு. ஐரோப்பியர்களிடம் மிகக் குறைவு. அதனால் வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது பின்னால் தள்ளப்பட்டிருக்கும். அங்கே பெரிதாகப் பேசும் டிபிஎம்டி பரிசோதனை மட்டும் நமக்குப் போதாது. மரபணுப் பரிசோதனை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிபிசியும் (ரத்த அணு எண்ணிக்கை) எல்எஃப்டியும் (கல்லீரல் பரிசோதனை) பார்த்துவிட வேண்டும். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே சிபிசி எடுங்கள். வெள்ளணு விழுவதற்கு முன்னோட்டமாக அது வருவதுண்டு.

யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் அல்லது ஃபெபுக்சோஸ்டாட் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அலோபியூரினாலோடு சேர்ந்தால் அசாதியோபிரின் அளவை நாலில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று குறைக்க வேண்டிவரும். கால் வீக்கத்துக்கு இன்னொரு டாக்டர் எழுதிய ஒரு மாத்திரையால் எலும்பு மஜ்ஜையே செயலிழந்து போகும் விபத்து இங்கேதான் நடக்கிறது.

பெண்களுக்கு எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசி, கருப்பை வாய்ப் பரிசோதனை. எச்பிவி ஊசி உயிர்க்கிருமி ஊசி அல்ல. மருந்தில் இருக்கும்போதும் போடலாம், முன்பே போட்டால் பலன் கூடும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 0, 2, 6 மாதங்களில் மூன்று டோஸ்; ஒரு டோஸ் போதும் என்ற பொதுக்கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. இந்தியாவில் தயாராகும் செர்வாவேக் 2023 முதல் கிடைக்கிறது. பரிசோதனையை முதலில் ஆண்டுக்கு ஒருமுறையும், தொடர்ந்து மூன்று முறை இயல்பாக வந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் செய்துகொள்ளலாம். அரசு நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள். அது இல்லாததற்கு மேல். ஆனால் இந்த மருந்தில் இருப்பவர்கள் பாப் ஸ்மியர் அல்லது எச்பிவி பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

தோல்: வெயில் ஏன் தனியாகச் சுடுகிறது

தயோபியூரின் உடைந்து தயோகுவானினாகி, டிஎன்ஏவில் குவானின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாதாரண டிஎன்ஏ, வெயிலில் வரும் யுவிஏ கதிரை ஏறக்குறைய உறிஞ்சுவதில்லை. தயோகுவானின் உறிஞ்சும், உறிஞ்சி, பக்கத்து இழைகளைச் சிதைக்கும் ஆக்சிஜன் துகள்களை வெளியே விடும். மருந்தே தோல் அணுவுக்குள் ஒரு சிறிய ஆன்டெனாவை நட்டுவைத்த மாதிரி. யுவிஏ கண்ணாடி வழியாகவும் வரும். பஸ் ஜன்னலோரம் தினமும் இரண்டு மணி நேரம் ஒரே பக்கமாக உட்கார்ந்து வருபவருக்கு அந்தப் பக்கத்துக் கன்னமும் முழங்கையும் கணக்கில் சேரும்.

செசாம் ஆய்வில் தயோபியூரின் எடுப்பவர்களுக்கு மெலனோமா (நிறமி அணுக்களில் வரும் தோல் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோய் ஏறக்குறைய ஆறு மடங்கு. நிறுத்திவிட்டவர்களுக்கும் நான்கு மடங்கு. ஆகவே மாத்திரையை நிறுத்தினாலும் தோலைப் பார்ப்பதை நிறுத்தக்கூடாது.

நம் கறுத்த தோலில் இந்தப் புற்றுநோயின் அடிப்படை அளவே மிகக் குறைவு. அந்த நிறமி நல்ல காவல். அதனால் ஆண்டுதோறும் தோல் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும் என்று நாங்கள் எல்லோருக்கும் சொல்ல மாட்டோம். ஆஸ்திரேலியாவிலோ பிரிட்டனிலோ இருக்கும் தமிழர்களுக்கு அங்கே அழைப்பு வந்தால் போய்விட்டு வாருங்கள். மற்றவர்கள் கண்ணை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைத் தோலில் முகம், காது, கழுத்து. கறுத்த தோலில் வெயில் படாத இடங்களிலும் வரும்: பழைய தீக்காயத் தழும்பு, ஆறாத கால் புண், பிறப்புறுப்பு, ஆசனவாய் ஓரம். மெலனோமா என்றால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. மாதம் ஒருமுறை குளித்த பிறகு உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். நகத்தில் ஒரே ஒரு விரலில் கறுப்புக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனால், நான்கு வாரமாக ஆறாத புண் இருந்தால், காட்டிவிட வேண்டும்.

தடுப்புக்கு முழுக்கைச் சட்டையும் குடையும் நம் ஊருக்குப் போதும். காலை 11 முதல் மாலை 3 வரை வெளிவேலையைத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. சன்ஸ்கிரீன் போடுவதானால் எஸ்பிஎஃப் 30-உம், யுவிஏவுக்கான பிஏ+++ குறியும் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பயறளவு தடவினால் அட்டையில் போட்ட எண் உங்கள் தோலில் இருக்காது.

காய்ச்சல், எடை இழப்பு, நெறி: டிபியா, லிம்ஃபோமாவா?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நம் நாட்டில் தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

லிம்ஃபோமாவின் அறிகுறிகள்: இரண்டு வாரத்துக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல், இரவில் படுக்கை விரிப்பு நனையும் அளவு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது, கழுத்திலோ அக்குளிலோ கவட்டிலோ வலியில்லாமல் கட்டும் நெறி. டிபியின் அறிகுறிகளும் இவையேதான். டிஎன்எஃப் ஊசி டிபியையும் எழுப்பிவிடும். போதாக்குறைக்கு, கிரோன்ஸ் நோயே தீவிரமானாலும் காய்ச்சலும் எடை இழப்பும் வரும். மூன்றும் ஒரே முகமூடி போட்டு வருகின்றன.

இதில் தவறு நடக்கும் விதம் பெரும்பாலும் இப்படித்தான். நெறியில் ஊசி குத்தி எஃப்என்ஏசி எடுப்பார்கள். 'அழற்சி அணுக்கள்' என்று ரிப்போர்ட் வரும். சரி, டிபியாக இருக்கும் என்று ஆறு மாத மருந்து தொடங்கிவிடும். கூடவே குடலுக்காக ஸ்டீராய்டும் ஓடும். ஸ்டீராய்டு லிம்ஃபோமாவைத் தற்காலிகமாகச் சுருக்கும். நெறி சிறிதாகும், காய்ச்சல் இறங்கும். 'மருந்து கேட்கிறது' என்று எல்லோரும் நிம்மதியடைவார்கள். ஸ்டீராய்டைக் குறைத்ததும் மறுபடி வீங்கும். அதற்குள் மாதங்கள் போயிருக்கும்.

தவிர்க்கும் வழி: நெறி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அல்லது ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால், முழு நெறியையும் அறுத்தெடுத்து பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஊசியில் சில அணுக்கள்தான் வரும். நெறியின் கட்டமைப்பே சிதைந்திருக்கிறதா என்பது முழு நெறியில்தான் தெரியும். எடுத்ததை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: ஒரு பாதி ஃபார்மலினில் நோயியலுக்கு, இன்னொரு பாதி வெறும் சலைனில் டிபி கல்ச்சருக்கும் சிபிநாட் என்ற டிபி மரபணுப் பரிசோதனைக்கும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிபி கல்ச்சர் செய்ய முடியாது. அறுவை அறையில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டு மறுபடி கத்தி வைக்க நேர்ந்தவர்கள் உண்டு. ஸ்டீராய்டைத் தொடங்குவதோ கூட்டுவதோ முடிந்தவரை பயாப்ஸிக்குப் பிறகு. அனுப்பும் தாளில் எந்த மருந்து, எத்தனை வருடம் என்று எழுதியிருக்கட்டும். அதைப் படித்தால்தான் நோயியல் மருத்துவர் ஈபிவிக்கான சாயப் பரிசோதனையையும் சேர்ப்பார்.

மூத்திரத்தில் வலியில்லாமல் ரத்தம் போனால், குறிப்பாக புகைபிடித்த வயதான ஆண்களுக்கு, சிறுநீரகவியல் மருத்துவரிடம் போக வேண்டும். தயோபியூரினுக்கும் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. சல்ஃபாசலசைன் எடுப்பவர்களுக்கு மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது ரத்தமல்ல. புகையிலை மெல்லுபவர்கள் வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருக்கிறதா என்று பல் மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும். அதைவிட நல்லது புகையிலையை விடுவது. கிரோன்ஸ் நோயைப் புகை நேரடியாகவே மோசமாக்குகிறது.

மருந்தைப் பார்த்துக் குடலை மறந்துவிடாதீர்கள்

லிம்ஃபோமா அபாயத்தைக் கண்டுசொன்ன அதே செசாம் ஆய்வு இன்னொன்றையும் கண்டது. பெருங்குடல் முழுக்கப் பல ஆண்டுகளாக அழற்சி இருந்தவர்களில், தயோபியூரின் எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோயும் அதற்கு முந்தைய தீவிர மாற்றமும் எடுக்காதவர்களைவிட நான்கில் ஒரு பங்கு அளவுக்கே வந்தன. ஆறாத அழற்சியே புற்றுநோய்க்கு விதை. மாத்திரையைப் பயந்து விடுபவர் ஓர் அபாயத்தைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டிக்கொள்கிறார். இந்த இரண்டாவது பக்கத்தை இணையத் தேடல் காட்டுவதே இல்லை.

அழற்சி மலக்குடலோடு நிற்காமல் மேலே பரவியிருந்தால், அறிகுறி தொடங்கி எட்டு ஆண்டு ஆனதும் கண்காணிப்புக் கொலனோஸ்கோபி தொடங்க வேண்டும். நோய் கண்டுபிடித்த தேதி வேறு, முதலில் ரத்தமும் சளியும் போன தேதி வேறு. எட்டு ஆண்டை இரண்டாவதிலிருந்து எண்ணுங்கள். பிஎஸ்சி என்ற பித்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கு எட்டு ஆண்டுக் காத்திருப்பு கிடையாது. கண்டுபிடித்த நாளிலிருந்து ஆண்டுதோறும். மற்றவர்களுக்கு அபாயத்தைப் பொறுத்து 1 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. நோய் அடங்கியிருக்கும்போது செய்வதுதான் பயன். சிவந்து வீங்கிய குடலில் எது அழற்சி, எது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்று பிரிப்பது கடினம். பேதி மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அழுக்குக் குடலோடு போனால் அந்தக் கொலனோஸ்கோபி வீண்.

ஆசனவாய்ப் பக்கம் பத்து ஆண்டுக்கும் மேலாகப் பௌத்திரம் இருப்பவர்களுக்கு வலி புதிதாகக் கூடினாலோ, ஜெல்லி போன்ற கசிவு வந்தாலோ, மயக்கம் கொடுத்துப் பார்த்துப் பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள். 'பழைய பௌத்திரம்தானே' என்று விடும் இடத்தில் புற்றுநோய் ஒளிந்திருந்ததுண்டு.

எப்போது குறைப்பது, எதை நிறுத்துவது

இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2010-இல் வெளியான சோனிக் ஆய்வில், கிரோன்ஸ் நோயாளிகளில் 26 வாரத்தில் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியவர்கள் அசாதியோபிரின் மட்டும் எடுத்தோரில் 30 சதவீதம், இன்ஃப்ளிக்சிமாப் மட்டும் 44, இரண்டும் சேர்த்து 57. தொடக்கத்தில் சேர்ப்பது சரி. கேள்வி, எத்தனை நாளைக்கு என்பதுதான்.

சேர்த்து எடுத்து நன்றாக அடங்கியிருந்த கிரோன்ஸ் நோயாளிகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது ஸ்பேர் ஆய்வு. இரண்டு ஆண்டில் நோய் திரும்பியது: இரண்டையும் தொடர்ந்தவர்களில் 14 சதவீதம், இன்ஃப்ளிக்சிமாபை நிறுத்தியவர்களில் 36, அசாதியோபிரின் வகையை நிறுத்தியவர்களில் 10. ஆகவே ஒன்றை விடுவதானால் மாத்திரையை விடுவதே பெரும்பாலும் புத்திசாலித்தனம். லிம்ஃபோமா, தோல் இரண்டு கணக்கும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. ஊசி நின்றால் செலவு குறையும் என்பதால் பலர் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துத் தொடங்கிய 6 முதல் 12 மாதத்தில் இந்தப் பேச்சை நீங்களே எடுங்கள். மாத்திரையை நிறுத்தும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: ஸ்டீராய்டு இல்லாமல் ஆறு மாதமாவது அடங்கியிருப்பது, மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் இறங்கியிருப்பது (முடிந்தால் கொலனோஸ்கோபியில் புண் ஆறியிருப்பதும்), ரத்தத்தில் இன்ஃப்ளிக்சிமாப் அளவு போதுமாக இருப்பது. ஊசிக்கு எதிராக உடல் ஆன்டிபாடி உண்டாக்காமல் இந்த மாத்திரைதான் தடுத்துக்கொண்டிருக்கும். அளவு ஏற்கெனவே குறைவாக இருக்கும்போது மாத்திரையை எடுத்துவிட்டால் ஊசியும் வேலை செய்யாமல் போகலாம். நிறுத்திய மூன்றாம் மாதம் கால்புரோடெக்டினை மறுபடி பாருங்கள்.

தயோபியூரின் மட்டும் எடுப்பவர்களுக்கு நிலைமை வேறு. நன்றாக இருந்தும் நிறுத்தியவர்களில் ஐந்து ஆண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்பியிருக்கிறது. 28 வயதுப் பெண்ணுக்குத் தொடர்வது நியாயம். 62 வயதுக்காரருக்கு, பத்து வருடமாக எடுப்பவருக்கு, நிறுத்துவதோ மாற்றுவதோ பற்றிப் பேசியே ஆக வேண்டும். டோஃபாசிட்டினிப்பில் 10 மி.கி. இருவேளை என்பது பொதுவாக எட்டு வாரத்துக்கு. பிறகு 5 மி.கி. இருவேளைக்கு இறக்க வேண்டும். இறக்கச் சொன்னதை மறந்து மாதக்கணக்கில் 10-லேயே இருக்கிறீர்களா என்று சீட்டைப் பாருங்கள்.

மருந்தில் இருக்கும்போதே புற்றுநோய் வந்துவிட்டால் தயோபியூரினையும் டோஃபாசிட்டினிப்பையும் வழக்கமாக நிறுத்துவார்கள். குடல் டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் ஒருவரோடொருவர் பேச வேண்டிய நேரம் அது. இருவரும் பேசினார்களா என்று நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள். கீமோதெரபியே சில நேரம் குடலை அடக்கி வைக்கும். முன்பு புற்றுநோய் தேறிய பிறகு 2 முதல் 5 ஆண்டு காத்திருக்கச் சொல்வார்கள். இப்போது எந்தப் புற்றுநோய், எந்தக் கட்டம், எந்த மருந்து என்று பார்த்து ஆளுக்கு ஆள் முடிவு செய்கிறார்கள்.

ஃபைலின் முதல் தாள்

ஒரே ஒரு தாள் போதும். அதை ஃபைலின் முதல் பக்கமாக வையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு நடு இரவில் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனால் இந்தத் தாள்தான் பேசும். இப்படி இருக்கலாம்:

கிரோன்ஸ் நோய், சிறுகுடலும் பெருங்குடலும். அறிகுறி தொடக்கம் 2016 ஜூன்.
அசாதியோபிரின் 50 மி.கி., தினம் 2 மாத்திரை, 2021 ஆகஸ்ட் முதல்.
இன்ஃப்ளிக்சிமாப் 300 மி.கி., 8 வாரத்துக்கு ஒருமுறை, 2024 மார்ச் முதல்.
நட்15: இயல்பு. ஈபிவி ஐஜிஜி: பாசிட்டிவ். ஹெபடைட்டிஸ் பி: இல்லை. இக்ரா: நெகட்டிவ்.
கடைசி சிபிசி: தேதி, வெள்ளணு, தட்டணு. இன்றைய எடை.
கடைசி கொலனோஸ்கோபி: தேதி, புண் ஆறியதா. அடுத்தது: ஆண்டு.
உள்ளங்கால், நகம், பழைய தழும்பு பார்த்த தேதி.
மாத்திரை இன்னும் வேண்டுமா என்று பேச வேண்டிய தேதி: 2025 மார்ச்.

இந்த உதாரணத்தில் 2024 மார்ச்சில் இரண்டு மருந்தும் சேர்ந்தன. அதனால் பேச வேண்டிய தேதி சரியாக ஓராண்டு கழித்து விழுகிறது. உங்கள் தாளில் அந்தத் தேதி ஏற்கெனவே தாண்டியிருந்தால், அடுத்த மாதத்துக்கு மாத்திரை வாங்கும் முன் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.